கங்கண சூரிய கிரகணமும் அது காணப்படும் இடங்களும்

2031-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி புதன்கிழமை, வைகாசி அமாவாசையன்று, நண்பகலை ஒட்டி ஒரு கங்கண சூரிய கிரகணம் நிகழவிருக்கின்றது. அதன் நிழற்பாதை ஆபிரிக்காவின் மேல்கரையிலுள்ள அங்கோலாவில் தொடங்கி, காங்கோ, சாம்பியா, தான்சானியா ஆகிய தேசங்களைக் கடந்து, கடலின்மேல் ஓடி, கேரளத்தின் வழியே தமிழ்நாட்டிற் புகுந்து, பாக்கு ஜலசந்தியையும் யாழ்ப்பாணத்தையும் தாண்டி, மலேசியாவையும் இந்தோனேசியத் தீவுகளையும் தொட்டுச் செல்லும். இச்செய்தி வகுப்பிற் பேசப்பட்ட அன்று, திருத்தணிப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் சிலர் நம்மை வினவியது ஒன்றே: “எங்கள் மலையுச்சியில் ஏறி நின்றால் வளையம் தெரியுமா?” என்பது. தெரியாது என்பதே விடை.

இவ்வளவோடு நிறுத்தினால் வினவியவர்க்கு மனக்குறை உண்டாகும். திருத்தணியும் மதுரையும் ஒரே நாட்டில் ஒரே வானத்தின்கீழ் இருக்க, ஒன்றில் பிறையும் மற்றொன்றில் வளையமும் தோன்றுவதேன் என்பதை விளக்கினாலன்றி அவ்விடை நிறைவுறாது. அன்றியும், “தமிழ்நாட்டில் கங்கண கிரகணம்” என்று பொதுப்படச் செய்தி பரவுங்கால், அதைக் கேட்போர் யாவரும் தத்தம் ஊரிலேயே வளையத்தைக் காணலாம் என்றெண்ணி வாளா இருந்துவிடுவது இயல்பு. கிரகணம் நாளைப் பற்றியது மாத்திரமன்று, இடத்தைப் பற்றியதுமாகும். இதனை நம் மாணவர் நன்கு மனத்திற் கொள்ள வேண்டுமென்பதே நமது கருத்து.

கங்கணம் என்பது மணிக்கட்டில் அணியும் காப்பு. சந்திரன் சூரியனுக்கு நேரே வந்து நின்றும், அதனை முழுவதும் மறைக்க இயலாது, சுற்றிலும் ஒளி விளிம்பு காப்புப்போல் எஞ்சி நிற்குமாயின் அது கங்கண கிரகணம் எனப்படும். முழுவதும் மறைக்குமாயின் பூர்ண கிரகணம். ஓரத்தை மாத்திரம் கடித்துச் செல்லுமாயின் பாகக் கிரகணம். சந்திரன் ஒன்று, சூரியன் ஒன்று. இரண்டின் உருவமும் மாறுவதில்லை. அங்ஙனமிருக்க ஒருகால் முழுவதும் மறைத்தலும், ஒருகால் மறைக்க மாட்டாமையும் எதனால் நேர்கின்றன?

சூரியனுடைய விட்டம் ஏறக்குறைய 8,64,000 மைல். சந்திரனுடைய விட்டம் 2,160 மைல். முன்னது பின்னதைப்போல 400 மடங்கு. இனித் தூரத்தை நோக்குவோம். சூரியன் நமக்குச் சராசரியாக 9,30,00,000 மைலுக்கு அப்பால் உள்ளது. சந்திரன் சராசரியாக 2,39,000 மைலில் உள்ளது. இத்தூரங்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 390 மடங்காகும். உருவத்தில் 400 மடங்கும் தூரத்தில் 390 மடங்குமாக இருத்தலின், இவ்விரண்டும் நம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே அளவினவாய்த் தோன்றுகின்றன. இப்படி ஒத்திருக்க வேண்டுமென்ற நியதி ஒன்றுமில்லை. சூரிய மண்டலத்தில் எத்தனையோ உபகிரகங்கள் இருந்தும் இவ்வளவு நெருங்கிய ஒப்பு வேறெங்கும் காண்பதரிது. எனினும் ஒப்பு முற்றிலும் சரியன்று. சராசரிக் கணக்கில் சந்திரன் சற்றே சிறிதாகத் தோன்றுகின்றது. அதன் பாதையோ வட்டமன்று, நீள்வட்டம். மிக நெருங்கிய காலத்தில் சுமார் 2,22,000 மைலிலும், மிக விலகிய காலத்தில் சுமார் 2,52,000 மைலிலும் அது நிற்கும். நெருங்கி நிற்கையில் கிரகணம் நேர்ந்தால் பூர்ணம். விலகி நிற்கையில் நேர்ந்தால் கங்கணம்.

இதனையே நிழலைக்கொண்டும் சொல்லலாம். சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் சந்திரனுடைய நிழல் கூம்பு வடிவாய்க் குவிந்து, நுனியில் ஊசி முனைபோல் முடியும். அக்கூம்பின் நீளம் சராசரியாக 2,32,000 மைல். சந்திரன் இதனினும் தொலைவில் நின்றால், கூம்பின் நுனி பூமியை எட்டாது அந்தரத்திலேயே முடிந்துவிடும். அந்நுனிக்கு அப்பால் நிழலின் கோடுகள் மறுபடியும் விரிந்து செல்கின்றன. அவ்வாறு விரிந்த பாகத்தை எதிர்நிழல் என்று கூறுவோம். எதிர்நிழலினுள் நிற்பவனுக்குச் சந்திரன் முழுவதும் சூரியனுக்குள் அடங்கிச் சுற்றிலும் ஒளி மிஞ்சித் தோன்றும். 2031-இல் பூமியின்மேல் விழவிருக்கும் எதிர்நிழலின் அகலம் ஏறக்குறைய 95 மைல். அதற்கு வெளியே ஆயிரக்கணக்கான மைலுக்குப் பரந்து கிடப்பது புறநிழல். அங்கே பாகக் கிரகணமே. திருத்தணி புறநிழலுள் அடங்கியது. கேட்ட கேள்விக்குரிய விடை இதில் முக்காற்பங்கு முடிந்தது.

எஞ்சிய காற்பங்கு, அந்நிழல் ஏன் இவ்வழியே வருகின்றது என்பதாம். மாதந்தோறும் அமாவாசை வருகின்றது. மாதந்தோறும் கிரகணம் வருவதில்லை. சந்திரன் செல்லும் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருத்தலே காரணம். இரு பாதைகளும் இரண்டு புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும். அப்புள்ளிகளையே நம் முன்னோர் இராகு என்றும் கேது என்றும், தமிழிற் கரும்பாம்பு என்றும் செம்பாம்பு என்றும் வழங்கினர். பாம்பு விழுங்குகின்றது என்ற கதை பாமரர்க்குரியது. கணிதர்க்கு இராகுவும் கேதுவும் கணக்கிடத்தக்க இரண்டு ஸ்தானங்களே. சந்திரன் சூரியனை மறைப்பதும் பூமியின் நிழல் சந்திரனை மறைப்பதுமே கிரகணம் என்று ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டளவிலேயே எழுதி வைத்தார். ஆதலின் பாம்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பழைய சாஸ்திரத்தை எள்ளி நகையாடுவோர், அச்சாஸ்திரத்தைத் திறந்து பாராதவர் என்றே நாம் கருதுகின்றோம்.

இராகு கேதுக்கள் ஓரிடத்தில் நிலைத்து நிற்பவையல்ல. பின்னோக்கி நகர்ந்து 18 ஆண்டு 7 மாதத்தில் ஒரு சுற்று முடிப்பவை. இதன் பயனை விளக்கத் திருத்தணிப் படிகளே போதும். மலையின்மீது செல்ல ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாக 365 படிகள் உள்ளன என்பது யாவரும் அறிந்ததே. அடிவாரத்தில் நிற்கும் நாளில் சூரியன் இராகுவைக் கூடி நிற்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு படியாக ஏறுவோமாயின், 354-ஆம் படி கடந்தவுடன் பன்னிரண்டு அமாவாசைகள் முடிந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னரே, 347-ஆம் படியில், இராகு எதிர்கொண்டு வந்து சூரியனைச் சந்தித்துவிடும். 365-ஆம் படியேறிக் கோயில் வாயிலை அடையுங்கால் ஆண்டு முடிகின்றது. சந்திரனுடைய கணக்கோ, இராகுவின் கணக்கோ அதனோடு பொருந்துவதில்லை. கிரகணங்கள் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வாராமல் முன்னோக்கி நழுவுவதன் காரணம் இதுவே. நடுவில் 173-ஆம் படிக்கும் 174-ஆம் படிக்கும் இடையில் கேதுவின் முறை ஒன்று உண்டு. இவ்விரு முறைகளையும் அடுத்து வரும் அமாவாசைகளிலேயே சூரிய கிரகணம் உண்டாகும்.

பொருந்தாத இம்மூன்று கணக்குகளும் 18 ஆண்டு 11 நாள் 8 மணிக்கு ஒருமுறை ஏறத்தாழ ஒன்றுகூடும். பழைய பாபிலோனியர் இதனை அறிந்திருந்தனர். இப்போது வரவிருக்கும் கிரகணத்தின் மூத்த உடன்பிறப்பு 2013-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் சமுத்திரத்திலும் தோன்றிய கங்கண கிரகணம்; அதற்கு மூத்தது 1995 ஏப்ரல் 29; அதற்கும் மூத்தது 1977 ஏப்ரல் 18. எட்டு மணி நேரம் மிகுதலால், ஒவ்வொரு முறையும் பூமி மூன்றிலொரு சுற்று அதிகமாகத் திரும்பிவிட, நிழல் வேறு தேசத்தில் விழுகின்றது. மூன்று முறை கழிந்தால் அம்மிகுதி ஒரு முழு நாளாகிப் பழைய பக்கத்துக்கே நிழல் திரும்பும். 1977-இல் அங்கோலா, சாம்பியா, தான்சானியா நாடுகளின்மேல் சென்ற வளையம் 2031-இல் மீண்டும் அந்நாடுகளின்மேலேயே செல்வது இதனாலாம்.

இனி, தமிழ்நாட்டில் அந்நிழல் படியும் இடங்களைக் கூறுவோம். கிரகணத்தின் உச்ச நிலை அரபிக் கடலின்மேல், இந்திய நேரம் பிற்பகல் 12 மணி 46 நிமிஷத்துக்கு நிகழும். அங்கே வளையம் 5 நிமிஷம் 26 விநாடி நிற்கும். பிறகு நிழல் சிறிது வடக்கே சாய்ந்து கீழ்த்திசை நோக்கிக் கரையேறும். கொச்சி, ஆலப்புழை, கோட்டயம், பத்தனந்திட்டை, சாலக்குடி ஆகிய மலையாள ஊர்கள் பாதையினுள் அமைவன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிக் கூடலூர் வழியாகத் தேனி, மதுரை, இளையான்குடி, காரைக்குடி, வேதாரணியம் ஆகிய இடங்களை அது தொடும். இங்குக் கூடலூர் என்றது கம்பம் பள்ளத்தாக்கிலுள்ளதை, நீலகிரிக் கூடலூரையன்று. நிழல் மதுரையை அணுகும் வேளை பிற்பகல் ஒரு மணியை ஒட்டியதாகும். அங்கும் வளையம் ஐந்து நிமிஷத்துக்குக் குறையாது நிற்கும்.

பாதையினுள் நின்றால் மாத்திரம் போதாது, எங்கே நிற்கின்றோம் என்பதும் கவனிக்கத்தக்கது. நிழல் வட்டம் ஒருவனைக் கடந்து செல்லுதல் வட்டத்தின் குறுக்கே ஒரு நாண் வரைதலைப் போன்றது. நடுக்கோட்டில் நிற்பவனுக்கு அந்நாண் விட்டமாகவே அமைந்து முழு நேரமும் கிட்டும். நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்குப் பாதி வழி விலகியவன் முழு நேரத்தில் எட்டில் ஒரு பங்கே இழப்பான். ஆனால் ஓரத்தை நெருங்க நெருங்க இழப்பு விரைந்து மிகும். பத்தில் ஒன்பது பங்கு விலகியவனுக்குப் பாதி நேரமும் கிட்டாது. வளையமும் ஒருபுறம் தடித்து மறுபுறம் நூலிழைபோல் மெலிந்து தோன்றும். ஓரத்துக்கு வெளியே ஒரு மைல் நின்றவன் அவ்விழை அறுந்திருக்கக் காண்பான்.

எல்லைக்கோடு என்பது என்னவென்று திருத்தணியார்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆந்திர இராச்சியத்துள் இருந்த அவ்வூர், நெடுநாட் கிளர்ச்சிக்கும் வழக்குக்கும் பின்னர் 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. மனிதர் வரைந்த கோட்டை மனு எழுதியும் மறியல் செய்தும் மாற்றலாம். சந்திரனுடைய நிழலின் கோடு அதற்கெல்லாம் இணங்குவதில்லை. திருத்தணியிலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 245 மைல். அத்தூரத்தைக் கடந்து வந்தவர்க்கு வளையம், வாராதவர்க்குப் பிறை.

இத்தகைய வாய்ப்பு இதுவே முதலன்று. 2010 ஜனவரி 15-ஆம் தேதி கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் தனுஷ்கோடியிலும் கங்கண கிரகணம் காணப்பட்டது. சமுத்திரத்தின்மேல் அதன் உச்ச நிலை 11 நிமிஷத்துக்கு மேல் நீடித்தது. தனுஷ்கோடியிலும் பத்து நிமிஷத்துக்கு மேல். அவ்வளவு நீண்ட கங்கணம் இந்த ஆயிரம் ஆண்டுகளுள் மறுபடி இல்லை. பின்னர் 2019 டிசம்பர் 26-ஆம் தேதி காலை ஒன்பதரை மணியளவில் உதகை, கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய இடங்களில் சுமார் மூன்று நிமிஷம் வளையம் நின்றது. அன்று திருத்தணிக்கும் சென்னைக்கும் கிட்டியது பிறையே. யாழ்ப்பாணத்தின் பேறோ தனிப்பட்டது. 2010, 2019, 2031 ஆகிய மூன்று கங்கணங்களும் அதன்மேலேயே செல்கின்றன. பூமியில் ஏதேனும் ஓரிடத்தில் ஒருமுறை கங்கணம் தோன்றினால் மறுமுறை தோன்றச் சராசரியாக 200 ஆண்டுக்கு மேல் ஆகும் என்பது கணக்கு. ஒரே ஊர் 21 ஆண்டில் மும்முறை பெறுவதைக் காணுங்கால், சராசரி என்னும் சொல்லை எவ்வளவு எச்சரிக்கையோடு வழங்க வேண்டும் என்பது விளங்கும்.

இவ்விதக் கணக்குகளை நம் நாட்டார் எவ்வாறு செய்தனர் என்பதையும் சிறிது நோக்குவோம். சென்னை வானிலையத்தை முன்னர் நடத்திய ஜான் வாரன் என்பவர் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில் ஒரு செய்தி உள்ளது. புதுச்சேரியிலிருந்த தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர், ஏடும் எழுத்தாணியுமின்றி, சோழிகளைத் தரையில் வைத்து எண்களைக் குறித்துக்கொண்டு, வாக்கியங்களாக மனப்பாடம் செய்த வாய்பாடுகளின் துணையால், அவ்வாண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடையிரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமுமே பிழை. தலைமுறை தலைமுறையாக வாயில் இருந்த எண்களைக்கொண்டு இவ்வளவு நெருங்கியது வியக்கத்தக்கதே. ஆயினும் ஐந்து நிமிஷமே நிற்கும் வளையத்துக்கு 23 நிமிஷப் பிழை பெரும்பிழையாகும். சந்திர கிரகணத்தை இரவாயுள்ள தேசமெல்லாம் ஒருங்கே காணும்; சூரிய கிரகணமோ ஊருக்கு ஊர் வேறு. ஆகவே அதற்கு நுண்ணிய கணிதமும் இடக்கணக்கும் வேண்டும்.

கண்ணாற் கண்டதோடு கணிதத்தை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று பாடுபட்டவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். சென்னை வானிலையத்தில் முதல் உதவியாளராயிருந்த இவர், 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதிப் பூர்ண கிரகணத்தை நைஜாம் நாட்டு வனபர்த்தியிலிருந்து ஆராய்ந்தார். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்து செல்வதைப்பற்றி இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டுப் பொதுமக்களுக்கு விளக்கினார். திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காகவும் உழைத்தார். இந்நாளில் நம் மாணவருள் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர் என்று வினவ நமக்குத் தயக்கமாயிருக்கின்றது. அவருடைய தலைவர் நார்மன் போக்ஸன் 1872 ஜூன் 6-ஆம் தேதி சென்னையிலேயே ஒரு கங்கண கிரகணத்தைக் கண்டார். நிறமாலைக் கருவியின் வழியே அவர் நோக்கியபோது, வளையம் உருவாகும் கணத்திலும் அது உடையும் கணத்திலும், சூரியனைச் சூழ்ந்த மெல்லிய வாயுப் படலத்தின் ஒளிக்கோடுகள் பளிச்சென்று மின்னி மறைந்தன. கங்கண கிரகணத்தில் அத்தகைய மின்னலைக் கண்டு குறித்ததாகப் பதிவானது அதுவே முதல். பூர்ண கிரகணத்துக்கே ஆராய்ச்சியாளர் ஓடுவர், கங்கணம் வேடிக்கைக்கே உரியது என்று சொல்வோர் இதனை நினைவு கூர்தல் நலம்.

போக்ஸனுக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர் மிக்கி ஸ்மித். இவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராக இருந்தவர் என்பது நம்போன்ற கல்லூரியார்க்கு மகிழ்ச்சி தருவது. 1899-இல் ஏற்பட்ட கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவரும் இவரே. 2031-ஆம் ஆண்டு வளையப் பாதையினுள் கோடைக்கானல் மலையும் அமைகின்றது.

கிரகண காலத்து வழக்கங்களைப்பற்றிச் சில சொல்லாமல் விடுவதற்கில்லை. திருத்தணியைச் சூழ்ந்த நாட்டிலேயே இருவேறு வழக்கங்கள் உள்ளன. திருமலையில் கிரகணத்துக்குப் பல மணி நேரம் முன்னரே கோயில் அடைக்கப்பட்டு, முடிந்தபின் சுத்தி செய்து திறக்கப்படும். திருத்தணிக்கு வடக்கே சுமார் 40 மைலிலுள்ள காளத்தியிலோ, இராகு கேது பரிகாரத்துக்குப் பெயர்பெற்ற தலமாதலின், கிரகண காலத்திலும் கோயில் திறந்தேயிருக்கும், கூட்டமும் மிகுதியாகும். அவரவர் வழிபாட்டை அவரவர் அறிவர். அதில் நாம் தலையிடுவதற்கில்லை. நீராடுதலால் ஒருவர்க்கும் கேடில்லை. தருப்பைப் புல்லை உணவின்மேல் இடுதலாலும் கேடில்லை. கருவுற்ற பெண்களை நீரும் உணவுமின்றி மூன்று நான்கு மணி நேரம் இருட்டறையில் அடைத்து வைத்தல் அத்தகையதன்று. அக்கினி நட்சத்திர வெயிற் காலத்து நண்பகலில் அது உண்மையான தீங்கு விளைப்பது. கிரகணத்தின்போது சூரியனிடமிருந்து புதிய கதிர் எதுவும் தோன்றுவதில்லை. வழக்கமாக வரும் ஒளியில் ஒரு பகுதி தடைப்படுகின்றது, அவ்வளவே.

உலக்கையைத் தாம்பாளத்தில் நிறுத்திப் பார்க்கும் வழக்கம் வேறு ஒன்று உண்டு. கிரகணம் பிடித்திருக்கும்வரை அது தானே நிற்கும், விட்டவுடன் விழும் என்பர். அடிப்புறம் சமமாயுள்ள உலக்கை பொறுமையோடு நிறுத்தினால் எந்நாளும் நிற்கும். கிரகணமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதனைச் சோதித்துப் பார்க்குமாறு மாணவரை வேண்டுகின்றோம். பாட்டிமாரோடு வாதாடுவதினும் அது எளிது.

அச்சம் அளவு கடந்தால் நேரும் நஷ்டத்துக்கு 1980 பிப்ரவரி 16-ஆம் தேதி சான்று. அன்று கருநாடகத்தின் மேல்கரையிலிருந்து ஒரிசாவரை பூர்ண கிரகணம் தோன்றியது. நகரங்களின் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. ஜனங்கள் கதவடைத்து உள்ளே இருந்துவிட்டனர். கண்ணுக்கு அபாயம் என்று கேட்டதையும், பழைய அச்சத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டமையே காரணம் என நாம் எண்ணுகின்றோம். கண்ணுக்கு அபாயம் உண்மை. வெளியே வருதல் அபாயம் என்பது உண்மையன்று.

அவ்வுண்மையான அபாயத்தை விளங்கக் கூறுவோம். பூர்ண கிரகணத்தில் சூரியன் அறவே மறைந்த சில நிமிஷங்களில் வெறுங்கண்ணால் நோக்கலாம். கங்கண கிரகணத்தில் அத்தகைய நிமிஷம் ஒன்றேனும் இல்லை. 2031-இல் சந்திரனுடைய தோற்ற விட்டம் சூரியனுடையதில் 100-க்கு 96 பங்கே. எஞ்சிய வளையம் ஒவ்வொரு புறமும் சூரிய விட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமே உடையதெனினும், மொத்த ஒளியில் பன்னிரண்டில் ஒரு பங்கு அதனூடே வந்துகொண்டிருக்கும். உச்சிவேளைச் சூரியனின் பன்னிரண்டில் ஒரு பங்கு விழித்திரையைச் சுடுவதற்குப் போதும். விழித்திரையில் நோவை உணரும் நரம்பு இல்லாமையால், சுடும்போது தெரியாது. சில மணி நேரம் சென்று பார்வையின் நடுவில் கறை விழுந்தபின்னரே தெரியவரும். புகை பிடித்த கண்ணாடி, பழைய எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் கலந்த தண்ணீரில் தெரியும் நிழல் ஆகியவை காப்பாகா. கிரகணம் காண்பதற்கென்றே சர்வதேச தரப்படி செய்த கண்ணாடி, அல்லது பற்றவைப்போர் அணியும் கண்ணாடிகளுள் 14-ஆம் எண்ணுள்ளது, இவையே தக்கவை. அவற்றிலும் கீறலோ துளையோ இருத்தலாகாது.

இவை கிட்டாதவர்க்கும் குறைவொன்றுமில்லை. அட்டையொன்றில் ஊசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளைவழி வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்தால், சூரியனுடைய உருவம் தாளில் தோன்றும். வீட்டிலுள்ள மாவுச் சல்லடையைப் பிடித்தால் ஒன்றுக்கு நூறு உருவம் தோன்றும். வேப்பமரத்தினடியில் இலைகளின் இடுக்கே விழும் வட்ட வட்டமான வெயிற்புள்ளிகள் ஒவ்வொன்றும் சூரியனின் படமே என்பதை நாம் நாள்தோறும் மிதித்துச் செல்கின்றோமேயன்றி எண்ணுவதில்லை. அன்று மதுரையில் அப்புள்ளிகள் எல்லாம் வளையங்களாக மாறும். திருத்தணியில் பிறைகளாக மாறும்.

மே மாதம் கல்லூரி விடுமுறைக் காலமாதலின், மாணவர் பெரும்பாலும் தத்தம் ஊரில் இருப்பர். மதுரைக்கோ காரைக்குடிக்கோ செல்ல வசதியுள்ளவர் முதல் நாளே சென்று தங்குதல் நலம். மலையாளக் கரையில் அக்காலத்தில் மழைமேகம் கூடத் தொடங்குமாதலால், மலைக்கு இப்பாலுள்ள வறண்ட ஊர்களே நம்பத்தக்கவை என்பது நமது அபிப்பிராயம். மாலையில் இடிமழை வருவதுண்டெனினும், பிற்பகல் ஒரு மணிக்கு வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

செல்ல இயலாதவர் திருத்தணியிலேயே இருந்து காண்பதற்கும் நிறைய உண்டு. அங்குக் கிரகணம் தொடங்கி விடுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். உச்ச வேளையில் சூரிய ஒளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். வெயில் மங்கிச் சற்றே ஈயநிறம் கொள்ளும். நிழல்களின் ஓரம் வழக்கத்தினும் கூர்மையாகும். சித்திரை வைகாசி வெப்பம் சிறிது தணியும். ஒரு வெப்பமானியை நிழலில் தொங்கவிட்டுக் கால்மணிக்கு ஒருமுறை குறித்து வருவோர், வெப்பம் மிகக் குறைந்தது உச்ச வேளையிலா, அதற்குச் சிறிது பின்னரா என்று தாமே கண்டறியலாம். சூரியன் அப்போது உச்சிக்குச் சிறிது வடமேற்கே நிற்கும். திருத்தணி வளையப் பாதைக்கு வடக்கே இருத்தலால், சந்திரன் சூரியனின் தென்பாகத்தை மறைத்துச் செல்ல, மீந்த பிறை வடபாகத்தில் நின்று, அதன் கொம்புகள் தெற்கே நோக்கும். சல்லடையின்கீழ் தரையில் விழும் பிறைகளிலோ, துளைவழி வரும் உருவம் தலைகீழாதலின், கொம்புகள் வடக்கே நோக்கும்.